கொழும்பிலிருந்து ஸ்பொன்சர் விண்ணப்பம்: பொலிஸ் கிளியரன்ஸும் கைரேகையும்

கணவனோ மனைவியோ ரொறன்ரோவிலோ மெல்பேர்னிலோ லண்டனிலோ இருக்க, நீங்கள் கொழும்பிலிருந்து விண்ணப்பம் போடுகிறீர்கள். கலியாணப் படங்கள், வாட்ஸ்அப் பேச்சு, காசு அனுப்பிய பற்றுச்சீட்டுகள் என்று உறவை நிரூபிக்கும் காகிதங்களைச் சேர்ப்பதிலேயே எல்லோருடைய கவனமும் போய்விடுகிறது. பொலிஸ் கிளியரன்ஸைக் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் தொடங்க வேண்டும். அந்தக் காகிதம் வருவதற்குள் உங்கள் பெயர், பிறந்த திகதி, இருந்த முகவரிகள், பழைய வழக்குகள் எல்லாம் வெளியே வந்துவிடும். விண்ணப்பப் படிவத்தில் நீங்கள் எழுதப்போவதும் அதே விபரங்கள்தான். விசா அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

"வி.எஃப்.எஸ்ஸில் கைரேகை கொடுத்தாயிற்று, இனி எதற்குப் பொலிஸ் ரிப்போட்?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். (வி.எஃப்.எஸ் என்பது வெளிநாட்டு அரசுகளுக்காக விசா விண்ணப்பங்களையும் கைரேகையையும் வாங்கும் நிறுவனம்.) இரண்டும் வேறு வேலை.

பொலிஸ் கிளியரன்ஸ் என்பது இலங்கைப் பொலிஸ் தன்னிடம் உள்ள பதிவுகளையும் நீங்கள் வசித்த இடத்துப் பொலிஸ் நிலையத்தையும் கேட்டுப் பார்த்து, உங்களுக்கு எதிராக ஏதும் உண்டா இல்லையா என்று கொடுக்கும் சான்றிதழ். பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி இவற்றை வைத்துத்தான் தேடுவார்கள்.

கைரேகை, அதாவது பயோமெட்ரிக், நீங்கள் போகப்போகும் நாட்டு அரசுக்குப் போகிறது. பத்து விரல்களையும் முகப் படத்தையும் எடுத்து, தங்கள் பழைய பதிவுகளோடு ஒப்பிடுவார்கள். இதில் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருக்கிறது. கனடா, அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் குடிவரவுத் தகவல்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. சில வருடங்களுக்கு முன் லண்டனுக்கு மாணவர் விசா போட்டு மறுக்கப்பட்டிருந்தாலும், அவுஸ்திரேலியாவுக்குப் படகில் போய்த் திருப்பி அனுப்பப்பட்டிருந்தாலும், இன்று கனடாவுக்கு வைக்கும் விரலில் அது தெரிய வரலாம். அன்று வேறு பெயரோ வேறு பிறந்த திகதியோ கொடுத்திருந்தால் அதுவும் தெரியும். "அது வேற நாடு, இவங்களுக்கு எப்படித் தெரியப்போகுது" என்ற கணக்குச் சரிவராது.

எந்த நாடு என்ன கேட்கிறது

கனடா: 18 வயதுக்கு மேற்பட்டவர்கள், கடந்த 10 வருடங்களில் தொடர்ந்து 6 மாதம் அல்லது அதற்கு மேல் இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் பொலிஸ் சான்றிதழ் வேண்டும். இப்போது வசிக்கும் நாட்டின் சான்றிதழ், விண்ணப்பம் போடும் நாளுக்கு முந்திய 6 மாதங்களுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். முன்பு இருந்த நாட்டினுடையது, அங்கே கடைசியாக வசித்து முடித்த பிறகு எடுத்ததாக இருக்க வேண்டும். கட்டாரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது நடுவில் ஒருமுறை எடுத்து வைத்த பேப்பர் இங்கே உதவாமல் போவது இதனால்தான்.

அவுஸ்திரேலியா: கணக்கு வேறு. 16 வயதுக்குப் பிறகு, கடந்த 10 வருடங்களில் மொத்தமாக 12 மாதம் இருந்த நாடுகள். தொடர்ந்து இருந்திருக்க வேண்டியதில்லை, விட்டு விட்டுப் போய் வந்ததைக் கூட்டினாலும் சேரும். சான்றிதழ் எடுத்த திகதியிலிருந்து 12 மாதம் செல்லும். அங்கே இருக்கும் ஸ்பொன்சரும் பொலிஸ் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்ற விதி 2016 நவம்பரில் வந்தது. கணவனின் பக்கம் சுத்தம்தானா என்று அரசாங்கமே பார்ப்பது, முகம் பார்த்துப் பழகாமல் கலியாணம் செய்து போகும் பெண்களுக்கு நல்ல பாதுகாப்பு என்பது என் கருத்து.

அமெரிக்கா: 16 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் கேட்பார்கள். சொந்த நாட்டிலும் இப்போது வசிக்கும் நாட்டிலும் 6 மாதத்துக்கு மேல் இருந்திருந்தால் வேண்டும். மற்ற நாடுகளென்றால் ஒரு வருடம். எங்காவது கைதாகியிருந்தால், எவ்வளவு காலம் இருந்தீர்கள் என்ற கணக்கே இல்லாமல் அந்த நாட்டின் சான்றிதழ் வேண்டும்.

பிரித்தானியா: வாழ்க்கைத்துணை விசாவுக்குப் பொலிஸ் சான்றிதழ் கேட்பதில்லை. ஆனால் படிவத்தில் தண்டனைகள், அபராதங்கள் பற்றிய கேள்விகள் உண்டு, அவற்றுக்கு உண்மையாகப் பதில் எழுத வேண்டும். "லண்டனுக்கும் கிளியரன்ஸ் கட்டாயம்" என்று சொல்லிக் காசு கேட்பவரிடம் அந்த விதியைக் காட்டச் சொல்லுங்கள்.

இனி வருவதில் பெரும்பாலும் கனடாவையே உதாரணமாக எடுக்கிறேன். விதிகள் அங்கே நுணுக்கம், நம்மவர்கள் அதிகம் போடுவதும் அங்கேதான்.

பெயரும் பிறந்த திகதியும்

விண்ணப்பம் எழுதத் தொடங்குமுன் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, கலியாணப் பதிவு நான்கையும் மேசையில் பரப்பி வையுங்கள். பெயர் நான்கிலும் ஒரே மாதிரியா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

நம் பெயர்களில் தகப்பன் பெயர் முன்னே வரும், சில இடங்களில் அது முதலெழுத்தாகச் சுருங்கும், கலியாணத்துக்குப் பிறகு கணவன் பெயர் வந்து சேரும். 'சிவ'வும் 'ஷிவ'வும், ஒரு 'எச்' கூடுவதும் குறைவதும் சாதாரணம். ஊரில் இது யாருக்கும் பிரச்சினை இல்லை. கொம்பியூட்டருக்குப் பிரச்சினை. எல்லாப் படிவங்களிலும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே போடுங்கள். மற்றப் பெயர்களை 'வேறு பெயர்கள்' என்று கேட்கும் இடத்தில் எல்லாவற்றையும் எழுதுங்கள். அங்கே கூட எழுதினால் நட்டம் எதுவும் இல்லை, குறைத்து எழுதினால்தான் கேள்வி வரும். கடவுச்சீட்டில் ஒரே ஒரு பெயர் மட்டும் உள்ளவர்கள் கனடாப் படிவத்தில் அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, மற்றக் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும்.

பிறந்த திகதியைச் சரிபார்க்க அடையாள அட்டை இலக்கமே உதவும். 12 இலக்கப் புதிய அட்டையில் முதல் 4 இலக்கம் பிறந்த வருடம், அடுத்த 3 அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருப்பார்கள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே கணக்கு. ஆகவே 1994 மார்ச் 1 இல் பிறந்த பெண்ணின் இலக்கம் 1994561 என்று தொடங்கும். 9 இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அட்டையில் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் முன்னால் வரும், நாள் கணக்கு அதேதான்.

இது இடறுவது பெரும்பாலும் இடம்பெயர்ந்த குடும்பங்களில். பத்திரங்கள் தொலைந்து, பிறகு நினைவில் இருந்த திகதியைச் சொல்லி அட்டை எடுத்தவர்கள் வன்னியிலும் கிழக்கிலும் ஏராளம். திகதி பொருந்தவில்லை என்றால் விண்ணப்பத்துக்கு முன்பே ஆட்பதிவுத் திணைக்களத்தில் திருத்திக்கொள்ளுங்கள். திருத்தியதற்கான கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். விண்ணப்பம் உள்ளே போன பிறகு கடவுச்சீட்டை மாற்றிப் புதுப் பெயரில் எடுப்பதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை. கணவன் பெயரைச் சேர்க்க ஆசை என்றால் தொடங்குமுன் சேருங்கள், அல்லது போய் இறங்கிய பிறகு பார்க்கலாம்.

முகவரிப் பட்டியல்

ஒரு கொப்பியை எடுத்து, 18 வயதிலிருந்து இன்றுவரை இருந்த இடங்களை மாதமும் வருடமுமாக எழுதுங்கள். கனடாவின் ஐஎம்எம் 5669 என்ற படிவம் கடந்த 10 வருட முகவரிகளைக் கேட்கும். அதோடு வேலை, படிப்பு, சும்மா இருந்த காலம் எல்லாவற்றையும் இடைவெளி விடாமல் கேட்கும். வேலை இல்லாமல் வீட்டில் இருந்த மாதங்களையும் 'வேலை இல்லை' என்று எழுத வேண்டும். இடைவெளி விட்டால் படிவம் திரும்பி வரும்.

கொழும்பில் இருக்கும் நம்மவர்களுக்கு இது இலேசான வேலை இல்லை. யாழ்ப்பாணத்து வீட்டு முகவரி அடையாள அட்டையில், படித்த காலத்தில் கொட்டாஞ்சேனையில் மாமி வீடு, வேலைக்கு வந்த பிறகு வெள்ளவத்தையில் ஓர் அறை, இப்போது தெஹிவளையில் அனெக்ஸ். வாடகை ஒப்பந்தம் எதற்கும் இல்லை. கிராம சேவகருக்கு உங்களைத் தெரியாது, வாக்காளர் இடாப்பில் பெயர் இன்னும் ஊரில் இருக்கிறது.

இதற்கு நான் சொல்லும் வழி: இருந்தபடியே எழுதுங்கள். அடையாள அட்டை முகவரியை நிரந்தர முகவரியாகவும், இப்போது படுத்து எழும்பும் இடத்தைத் தற்போதைய முகவரியாகவும் போடுங்கள். தற்போதைய இடத்துக் கிராம சேவகரிடம் போய், வீட்டுக்காரரின் கடிதத்தையும் காட்டி, வதிவிடச் சான்றிதழ் எடுத்து வையுங்கள். வசதிக்காக ஊர் முகவரியை மட்டும் கொடுத்துவிட்டால், அங்கே உள்ள பொலிஸ் வந்து விசாரிக்கும்போது அயலவர் "பிள்ளை கொழும்பிலயெல்லோ" என்பார். அவர் சொன்னது உண்மை, ஆனால் உங்கள் காகிதம் அங்கேயே நின்றுவிடும்.

முகாம்களில் இருந்த காலத்தையும் விடாமல் எழுதுங்கள். 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாமில் இருந்தவர்கள் அதை ஒரு முகவரியாகவே எழுதலாம். ஒளிக்க வேண்டிய விடயமே இல்லை அது.

வெளிநாட்டில் இருந்தவர்கள்

மத்திய கிழக்கில் வேலை பார்த்தவர்கள் இலங்கைக் கிளியரன்ஸுக்கு முன்பே இதைத் தொடங்க வேண்டும், இதுதான் அதிகம் இழுக்கும். நாட்டுக்கு நாடு முறை வேறுபட்டாலும் பொதுவான பாதை இப்படி: அந்த நாட்டுப் பொலிஸ் கேட்கும் படிவத்தில் இங்கே பொலிஸ் மூலம் மை தொட்டுக் கைரேகை பதிப்பது, அதை வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்துவது, பிறகு கொழும்பில் உள்ள அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரை, கடைசியில் அங்கே இருக்கும் யாராவது ஒருவர் மூலம் உரிய அலுவலகத்தில் கொடுப்பது. கொன்சியூலர் பிரிவு இப்போது கோட்டையில் இல்லை, பத்தரமுல்லை சுகுருபாயவில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் உண்டு, வடக்கில் இருப்பவர்கள் அதற்காகப் பஸ் ஏறி இங்கே வரத் தேவையில்லை. பழைய வதிவிட அட்டை, விசா பக்கங்கள், கம்பனிக் கடிதம் இவற்றின் பிரதிகள் இல்லாமல் எந்த முத்திரையும் நகராது.

தமிழ்நாட்டில் இருந்து திரும்பியவர்களுக்கு வேறு கதை. இராமேஸ்வரம் மண்டபத்திலோ கும்மிடிப்பூண்டியிலோ முகாமில் இருந்ததும் அந்த நாட்டில் வசித்ததுதான். கடந்த 10 வருடங்களுக்குள் வருகிறது என்றால் இந்தியப் பொலிஸ் சான்றிதழ் வேண்டும். முகாமில் தந்த குடும்ப அட்டை, திரும்பும்போது தந்த வெளியேறும் அனுமதி இரண்டையும் தேடி எடுங்கள். கொள்ளுப்பிட்டியில் காலி வீதியில் உள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்திலோ யாழ்ப்பாணத் துணைத்தூதரகத்திலோ முதலில் விசாரியுங்கள்.

முன்பு அமெரிக்காவில் இருந்தவர்களுக்கு அந்த நாட்டு மத்திய புலனாய்வுப் பிரிவான எஃப்.பி.ஐயின் சான்றிதழ், அதற்கும் கைரேகை பதித்த அட்டை அனுப்ப வேண்டும்.

எவ்வளவு முயன்றும் ஒரு நாடு தரவில்லை என்றால் கனடா அதற்கும் இடம் வைத்திருக்கிறது. என்னென்ன செய்தேன், எப்போது, யாருக்கு எழுதினேன் என்று விளக்கக் கடிதம் எழுதி, அனுப்பிய மின்னஞ்சல்கள், தபால் பற்றுச்சீட்டு, வந்த மறுப்பு எல்லாவற்றையும் இணைக்க வேண்டும். 'கிடைக்கவில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதாது.

இலங்கைக் கிளியரன்ஸுக்கு விண்ணப்பித்தல்

இலங்கைப் பொலிஸின் இணையத்தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். நேரில் செய்ய விரும்புவோருக்குக் கோட்டையில் பொலிஸ் தலைமையகம் இருக்கிறது. ஏஜென்சி தேவையே இல்லை. வெள்ளவத்தையில் ஒரு கொமினிகேஷனில் ஸ்கான் செய்து தரச் சொன்னால் மிச்சத்தைக் கையடக்கத் தொலைபேசியிலேயே முடிக்கலாம். "உள்ளுக்கு ஆள் இருக்கு, கெதியா எடுத்துத் தாறன்" என்பவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள். போலிச் சான்றிதழ் ஒன்று கோப்பில் போய்விட்டால், அதைச் செய்தவர் யார் என்று கனடா கேட்காது. பொய்த் தகவலுக்கான 5 வருடத் தடை உங்கள் பெயரில்தான் விழும்.

கடவுச்சீட்டின் விபரப் பக்கம், அடையாள அட்டையின் இரு பக்கம், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் மூன்றையும் தெளிவாக ஸ்கான் செய்து வையுங்கள். தொலைபேசியில் எடுத்த சாய்ந்த படம் வேண்டாம். எந்த நாட்டுக்காக, எந்தத் தூதரகத்துக்காக என்று கேட்கும் இடத்தைக் கவனமாக நிரப்புங்கள். கிராம சேவகர் பிரிவும் பொலிஸ் பிரிவும் சரியாக இருக்க வேண்டும். கொழும்பில் ஒரு வீதியின் இந்தப் பக்கம் பம்பலப்பிட்டி, அந்தப் பக்கம் வேறு நிலையம் என்று இருக்கும். தெரியாவிட்டால் வீட்டுக்காரரைக் கேளுங்கள், ஊகித்து எழுத வேண்டாம். கட்டணம் அவ்வப்போது கூடிக்கொண்டு வந்திருக்கிறது, பழைய தொகையை யாராவது சொன்னால் நம்பாமல் அன்றைய தொகையைத் தளத்தில் பாருங்கள். கிடைக்கும் தொடர்பு இலக்கத்தை எழுதி வையுங்கள், விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று பின்னர் பார்க்க அது வேண்டும்.

துணை வெளிநாட்டில் இருந்து சேர்ந்து வேலை செய்கிறார் என்றால், கட்டணத்தை அவர் அட்டையில் கட்டட்டும், விபரங்களை நீங்களே நிரப்புங்கள். உங்கள் பழைய முகவரிகள் அவருக்கு எப்படித் தெரியும்?

பொலிஸிலிருந்து அழைப்பு

விண்ணப்பம் உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்குப் போகும். அங்கிருந்து தொலைபேசி அழைப்பு வரலாம், நேரில் வரச் சொல்லலாம், வீட்டுக்கும் வரலாம். தெரியாத இலக்கம் என்று அழைப்பை எடுக்காமல் விட்டவர்களின் விண்ணப்பம் அங்கேயே கிடக்கும். வீட்டுக்காரரிடமும் பக்கத்து வீட்டிலும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பொலிஸ் வந்து உங்கள் பெயரைக் கேட்டால் நம் ஆட்கள் பயத்தில் "அப்படி ஒருத்தர் இங்க இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். பழைய காலத்துப் பழக்கம், குறை சொல்ல முடியாது.

அழைப்பு சிங்களத்தில்தான் வரும் என்று எதிர்பாருங்கள். 1987 இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது, சட்டம் சட்டமாகவே இருக்கிறது. தமிழில் பேசும் அலுவலரைத் தரும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, தயங்காமல் கேளுங்கள். ஆனால் அன்றே வேலை முடிய வேண்டும் என்றால் சிங்களம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்திருப்பது நல்லது. நிலையத்துக்குப் போகும்போது மூலப் பத்திரங்களை எல்லாம் கொண்டு போங்கள். எதற்காகப் போகிறீர்கள், யாரிடம் போகிறீர்கள் என்று கேட்டால் சுருக்கமாகச் சொல்லுங்கள்: கலியாணம், கணவன் அங்கே, விசாவுக்கு.

பேப்பர் கையில் வந்ததும்

உறையைக் கிழித்த கையோடு பெயர், கடவுச்சீட்டு இலக்கம், அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி நான்கையும் பாருங்கள். ஓர் எழுத்துப் பிழை என்றாலும் உடனே திருத்தக் கேளுங்கள். ஆங்கிலத்தில் இருப்பதால் மொழிபெயர்ப்பு வேண்டாம். நிறத்தில் ஸ்கான் செய்து இரண்டு இடத்தில் சேமியுங்கள், மூலத்தை லமினேட் செய்யாதீர்கள்.

கைதானவர்கள், தடுத்து வைக்கப்பட்டவர்கள்

இந்தப் பகுதியை நிதானமாக வாசியுங்கள். நம் சமூகத்தில் இது சின்ன விடயம் இல்லை.

கிளியரன்ஸில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால் படிவத்திலும் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போடலாம் என நினைப்பவர்கள் உண்டு. பொலிஸ் சான்றிதழ் பொலிஸிடம் இருக்கும் பதிவைச் சொல்கிறது. கனடாப் படிவம் உங்களையே கேட்கிறது, கேள்வியும் அகலமானது: குற்றத் தீர்ப்பு மட்டும் இல்லை, எப்போதாவது தடுத்து வைக்கப்பட்டீர்களா, சிறையில் இருந்தீர்களா என்றும் இருக்கும். ஆயுதப் போராட்டம் நடத்திய அமைப்பில் உறுப்பினராகவோ தொடர்புடனோ இருந்தீர்களா என்றும் கேட்கும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்து, வழக்குப் போடாமலே விட்டார்கள் என்றாலும் முதல் கேள்விக்குப் பதில் 'ஆம்'. லொட்ஜில் சுற்றிவளைப்பில் ஒரு இரவு வைத்திருந்து காலையில் விட்டதையும் நான் எழுதச் சொல்வேன். அதனால் மறுக்கப்படுவீர்கள் என்று அர்த்தம் இல்லை. வழக்கு இல்லாமல் விடுவிக்கப்பட்டது உங்கள் பக்கம் பேசும் உண்மை. ஒளித்துப் பிடிபடுவதுதான் 5 வருடத் தடைக்கு வழி.

'ஆம்' என்று எழுதினால் ஒரு பக்க விளக்கம் வையுங்கள். எந்தத் திகதி, எந்த இடம், எந்தப் பிரிவு பிடித்தது, எத்தனை நாள், எப்படி வெளியே வந்தீர்கள். உணர்ச்சி வசனம் வேண்டாம், நடந்தது மட்டும். ஆதாரமாக வைக்கக்கூடியவை: நீதிமன்ற விடுதலைக் கட்டளை, மனித உரிமைகள் ஆணைக்குழுவில் அன்று வீட்டார் கொடுத்த முறைப்பாட்டின் பற்றுச்சீட்டு, தடுப்பில் செஞ்சிலுவைச் சங்கம் பார்த்திருந்தால் அந்தச் சர்வதேசக் குழு தரும் சான்று, புனர்வாழ்வு முடித்தவர்களுக்கு அதற்கான சான்றிதழ். அமைப்புத் தொடர்பு என்ற கேள்வி உங்களைத் தொட்டால் ஏஜென்சியை விட்டுவிடுங்கள். போகும் நாட்டில் உரிமம் உள்ள குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரைத் துணை மூலம் பிடித்து, படிவம் போகுமுன் பேசுங்கள். அந்தச் செலவு வீண் இல்லை.

சாதாரண வழக்குகளுக்கு வருவோம். வீதியில் பொலிஸ் எழுதித் தரும் தண்டப்பணச் சீட்டை தபால் கந்தோரில் கட்டியது வேறு. நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியது வேறு, அது தீர்ப்பு. இதில் ஆண்கள் இலேசாக எடுப்பது குடித்துவிட்டு வாகனம் ஓட்டிய வழக்கு. கனடா 2018 டிசம்பர் 18 முதல் அதற்கான அதிகபட்சத் தண்டனையை 10 வருடமாக உயர்த்தியது. அதனால் அந்த நாட்டுக் குடிவரவுச் சட்டத்தில் அது பாரதூரமான குற்ற வகைக்குள் வந்துவிட்டது. இங்கே அபராதத்தோடு முடிந்த அந்த வழக்கு அங்கே பெரிய தடை. தண்டனை முடிந்து 5 வருடம் கழிந்திருந்தால் 'மறுவாழ்வு'க்கு, அதாவது நீங்கள் திருந்திவிட்டதாக ஏற்றுத் தடையை நீக்கும்படி கனடாவிடம், விண்ணப்பிக்கும் வழி உண்டு.

எந்த வழக்கு என்றாலும் அந்த நீதிமன்றப் பதிவாளரிடம் வழக்கேட்டின் உறுதிப்படுத்திய பிரதி கேட்டு வாங்குங்கள். வழக்கு இலக்கம் தெரியாவிட்டால் அன்றைய அபராதப் பற்றுச்சீட்டில் இருக்கும். சிங்களத்தில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுக்க வேண்டும். குடும்பச் சண்டையில் பொலிஸில் முறைப்பாடு கொடுத்து, பிறகு சமாதானமாகி முடிந்தவையும் சில நேரம் பகுதிப் பொலிஸ் விசாரணையில் தலைகாட்டும். அப்படி ஒன்று இருந்தால் துணையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அதிகாரி நேர்முகத்தில் கேட்கும்போது அவர் முதன்முறையாகக் கேள்விப்படுவது உறவுக் கோப்புக்கே கேடு.

கைரேகை நாள்

கனடாவுக்குப் பயோமெட்ரிக் கட்டணம் ஒருவருக்கு 85 கனடிய டொலர். விண்ணப்பக் கட்டணத்தோடு சேர்த்தே துணையைக் கட்டச் சொல்லுங்கள், தனியாக விட்டால் கைரேகை கொடுக்க வரச்சொல்லும் கடிதம் வருவது பிந்தும். கடிதம் வந்ததும் 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். நேரம் பதிந்து, கடிதத்தின் அச்சுப் பிரதியும் கடவுச்சீட்டும் எடுத்துக்கொண்டு கொழும்பு வி.எஃப்.எஸ் நிலையத்துக்குப் போங்கள். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தேவையில்லை. அமெரிக்காவென்றால் நேர்முக நாளில் தூதரகத்திலேயே விரல் எடுப்பார்கள்.

மருதாணியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கலியாணம் முடித்த கையோடு விரல் நுனி வரை சிவக்கச் சிவக்க மருதாணியோடு போய் நின்றால் திருப்பி அனுப்பலாம். கீறல், கட்டு, மை எதுவும் விரல் நுனியில் இருக்கக் கூடாது. தேர்தலில் பூசும் மையும் இதில் அடக்கம், வாக்குப் போட்ட அடுத்த நாளுக்கு நேரம் பதியாதீர்கள். தேயிலை கொய்தவர்கள், மேசன் வேலை, மீன் வெட்டும் வேலை செய்பவர்கள், நாள் முழுக்கச் சவர்க்காரத்தில் கை வைப்பவர்கள் இவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும், இயந்திரம் பிடிக்காது. இரண்டு வாரம் முன்பிருந்து இரவில் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ பூசி, முடிந்தால் வேலைக்குக் கையுறை போடுங்கள். அன்று காலை மட்டும் எண்ணெய் வேண்டாம், கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போங்கள். பதியும்போது விரலை அழுத்தி வைக்காதீர்கள், சொல்லும்படி சும்மா வைத்தால் போதும். வெளியே வருமுன் பற்றுச்சீட்டில் பெயரும் விண்ணப்ப இலக்கமும் சரியா என்று பாருங்கள்.

அதற்குப் பிறகு

கோப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது வீடு மாறினால், கடவுச்சீட்டு புதுப்பித்தால், பிள்ளை பிறந்தால், பொலிஸில் ஏதும் சிக்கல் வந்தால் அறிவிக்க வேண்டும். பழைய கிளியரன்ஸ் பழசாகிவிட்டது, புதிது அனுப்பு என்று நடுவில் கேட்கவும் கேட்பார்கள். அது சந்தேகம் என்று பதற வேண்டாம், கோப்பு நீண்டதன் விளைவு. முதல் தடவை கொடுத்த அதே பெயர், அதே முகவரி வரிசை, அதோடு பிறகு மாறிய முகவரியையும் சேர்த்து மறுபடி விண்ணப்பியுங்கள். கேட்ட கடிதத்தில் கடைசித் திகதி இருக்கும். அதற்குள் வராது என்று தெரிந்தால், பொலிஸில் விண்ணப்பித்த பற்றுச்சீட்டை இணைத்துக் கூடுதல் நாள் கேட்டு எழுதுங்கள், திகதி தாண்டுமுன்.